எந்தச் சுவருக்கு எந்த வெயில்: மாமல்லபுரம் முதல் தஞ்சை வரை ஆறு நாள்

முதல் நாள், மாமல்லபுரம்

பிப்ரவரி இரண்டாம் வாரம். ஊரில் இறங்கும்போது உச்சிவேளை. ஐந்து இரதங்களைப் படம் எடுக்க இது நேரமே இல்லை. தர்மராஜ, பீம, அர்ஜுன, திரௌபதி இரதங்கள் நான்கும் மேற்கு பார்த்தவை. பன்னிரண்டு மணிக்கு முகப்பு முழுக்க நிழல், கூரை மட்டும் வெள்ளையாக எரியும். அதனால் பிற்பகல் மூன்றரை வரை கருவிகளைச் சரிபார்க்கும் வேலை.

இந்த ஆறு நாளுக்கும் எடுத்து வந்தது இவ்வளவுதான்: பழைய விலையில் வாங்கிய கேனான் 1200டி, அதோடு வரும் 18-55 மிமீ லென்ஸ், 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்று, ஒரு கைப்பேசி. முக்காலி இல்லை. தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பதில் இரண்டு பொருள்கள். ஒன்று, மஞ்சப்பையில் முக்கால் கிலோ புளியங்கொட்டை போட்டு வாயைத் தைத்த மூட்டை. தரையிலோ படிக்கட்டிலோ வைத்து நடுவில் அழுத்தினால் கேமரா அடியில் அப்படியே பதிந்து நிற்கும். அரிசியும் பொருந்தும், ஆனால் ஈரக்காற்றில் புழு வைக்கும். மணல் கனம், தையல் விட்டால் லென்ஸுக்குள் போகும்.

இரண்டாவது, கயிறு. இரும்புக் கடையில் கால் இஞ்ச் போல்ட்டு கேட்டால் அங்குலத்துக்கு 20 புரி உள்ளதுதான் கிடைக்கும். கேமராவின் அடித்துளைக்கு அதே அளவு. போல்ட்டில் இரண்டு மீட்டர் கயிற்றைக் கட்டி, கேமராவில் முடுக்கி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேலும் கீழுமான ஆட்டம் அடங்கிவிடும். 18 மிமீ-இல் 1/8 நொடி வரை துணிந்து எடுக்கலாம். இரண்டு எச்சரிக்கை உண்டு. கேமராவின் துளை ஆழம் ஐந்தாறு மிமீ-தான். நீள போல்ட்டை அப்படியே முடுக்கினால் அடித்தகடு பிதுங்கிவிடும். வாஷர்களைப் போட்டு, ஐந்து மிமீ மட்டும் வெளியே நீளும்படி செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று, நைலான் கயிறு ரப்பர் போல இழுபடும். பின்னிய பருத்திக் கயிறே சரி.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸைக் கட்டாயம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பின்பக்கமிருந்து ஒளி பாய்ச்சி முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்த்தால், சிலந்தி நூல் போலக் கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இது மிகுதி. ஓரிரு தூசு கிடந்தால் படத்தில் தெரியாது. பூஞ்சை இருந்தால் படம் முழுக்க வெளுத்து, கருங்கல்லின் கறுப்பு சாம்பலாகிவிடும்.

மூன்றரைக்கு இரதங்கள். மேற்கு வெயில் திரௌபதி இரதத்தின் கூரைச் சரிவில் படும்போதுதான் அது ஓலைக்குடிசையின் வடிவம் என்பது படத்தில் புரிகிறது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), 1/320 (ஒளி விழும் நேரம், நொடியில்). லென்ஸை எஃப்/22 வரை மூடினால் எல்லாம் துல்லியமாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். மிகச் சிறு துளையில் ஒளி சிதறி, கல்லின் மணிமணியான பரப்பு மங்கிவிடும். இந்த லென்ஸ் எஃப்/8 முதல் எஃப்/11 வரை நன்றாக வேலை செய்யும்.

வடக்கு வாசல் வழியாக நுழைந்தவுடன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரு கோணம் உண்டு. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்தது. சிற்பி அதன் பக்கத்திலேயே ஒரு கல்யானையை நிற்கவைத்து, அதன் பின்புறத்தையும் நம் பக்கமே காட்டியிருக்கிறான். இரண்டு முதுகும் ஒரே படத்தில் வரவேண்டும். கேமராவை யானையின் முதுகு மட்டத்துக்குத் தாழ்த்தி, 35 மிமீ-இல் எடுத்தால் இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். 18 மிமீ-இல் கிட்டப்போய் எடுத்தால் யானை பூதாகரமாகி இரதம் சிறுத்துவிடும்.

இரண்டாம் நாள், மாமல்லபுரம்

கேமராவை இரவே பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டிவைத்தாயிற்று. குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரைக் காற்றுக்கு நேரே எடுத்துப் போனால் லென்ஸின் மேலும் உள்ளேயும் நீர் படியும். துடைத்தால் திரும்பப் படியும். பையோடு வெளியே வைத்து அரைமணி கழித்துத் திறந்தால் தொல்லை இல்லை. காலை ஆறரை சூரிய உதயத்துக்கு ஐந்தே முக்காலுக்கே பையை வாசல் திண்ணையில் வைக்க வேண்டும்.

கடற்கரைக் கோயில், பல்லவ மன்னன் இராசசிம்மன் காலக் கட்டுமானம். மேற்கே நின்று உதயத்தைப் பின்னணியாக வைத்து எடுக்கும் கறுப்பு நிழலுருவம் எல்லோரும் எடுப்பது. அதில் கல் தெரியாது. உப்புக் காற்று அரித்து அரித்து, இங்குள்ள சிற்பங்களின் மூக்கும் முழியும் கரைந்து, வெறும் திரட்சி மட்டுமே மிச்சம். முகத்துக்கு நேரே விழும் வெயிலில் அந்த மிச்சமும் தட்டையாகிவிடும். இந்த மாதத்தில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 15 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஆகவே ஏழு மணிக்கு ஒளி தெற்குச் சுவரை உரசிக்கொண்டு மட்டும் போகும். உரசும் ஒளியில் அரை அங்குலப் புடைப்புக்கும் நிழல் உண்டு. ஏழிலிருந்து எட்டேகால் வரை தெற்குப் பக்கமே நின்றோம். மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளும் இந்த ஒளியில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிகின்றன. வடக்குச் சுவர் இந்தப் பருவத்தில் நாள் முழுக்க நிழல்.

கடலோரத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. வேலை முடிந்ததும் கேமராவின் உடம்பை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கீறும்.

எட்டரைக்கு மகிஷாசுரமர்த்தினி மண்டபம். குடைவரையின் வாய் கிழக்கு. போர்க்கோலத் துர்க்கை வடக்குச் சுவரில், பள்ளிகொண்ட பெருமாள் எதிரே தெற்குச் சுவரில். அதாவது இரண்டு சிற்பத் தொகுதிகளுக்கும் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தே வருகிறது. துர்க்கைக்கு வலமிருந்து, பெருமாளுக்கு இடமிருந்து. சிற்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. சிங்கத்தின் மேல் சீறி வரும் தேவியின் வில்லும், பின்வாங்கும் எருமைத் தலையனின் தோளும் அந்தப் பக்க ஒளியில் தானாகவே எழுந்து நிற்கின்றன. ஃப்ளாஷ் போட்டால் இந்தத் திரட்சி முழுக்கப் போய்விடும். ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6, 1/8 நொடி. புளியங்கொட்டை மூட்டையைத் தரையில் வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுக்க வேண்டும். விரலால் அழுத்தும் அசைவே படத்தைக் கெடுக்கும். மூட்டையைச் சிற்பத்தின் மேலோ தூணின் சிங்கத் தலைமேலோ வைக்க வேண்டாம். தரை போதும்.

பத்தரைக்கு, இந்த நாளின் பெரிய வேலை. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் பாறை, கிழக்கு பார்த்தது, ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். விடியற்காலையில் வந்தால் ஒளி நேரே முகத்தில் அறைகிறது, நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களும் ஒட்டிவைத்த காகிதம் போலத் தெரியும். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை சூரியன் தென்கிழக்கில் உயரத்தில் நின்று, இடது மேல்மூலையிலிருந்து பாறையை உரசுகிறது. தவம் செய்பவரின் விலா எலும்புகளை எண்ணலாம். பன்னிரண்டே காலுக்கெல்லாம் பாறை நிழலுக்குள் போய்விடும். ஒரு மணி நேரம்தான் உண்டு.

20 மீட்டர் தள்ளி நின்றால் பாறையின் இரு முனைக்கும் இடையே 74 பாகை அகலம். அதை 18 மிமீ-இல் ஒரே படமாக அடக்க முடியாது, அடக்கினாலும் ஓரங்கள் இழுபட்டுவிடும். 35 மிமீ-இல் கேமராவை நெட்டாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஆறு படம், ஒவ்வொன்றும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: மேனுவல் முறை, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/250, வண்ணச் சமநிலை வெயிலுக்கு, ஃபோகஸ் ஒருமுறை பிடித்ததும் எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) மாற்றிவிட வேண்டும். இவற்றில் ஒன்றை மறந்தாலும் இணைக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும்.

கோளாறு வருவது சுழற்சியில். நாம் உடம்பைத் திருப்பும்போது கேமரா ஒரு வட்டத்தில் நகர்கிறது. அதனால் முன்னே துருத்தியிருக்கும் பெரிய யானையும் அதன் பின்னாலுள்ள உருவங்களும் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு தொலைவில் விழுந்து, இணைப்பில் தந்தம் இரண்டாகும். தீர்வு கொத்தனார் பையில் இருக்கிறது. தூக்குக்குண்டை லென்ஸ் குழலின் முன்பகுதியில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, தரையில் ஒரு சிறு கல்லை அடையாளம் வைத்து, குண்டு எப்போதும் அந்தக் கல்லின் மேலேயே நிற்கும்படி உடம்பை நகர்த்தித் திருப்ப வேண்டும். கேமரா லென்ஸைச் சுற்றித் திரும்பும், நம்மைச் சுற்றி அல்ல. காற்று பலமாக இருந்தால் குண்டு ஆடும், 200 கிராமுக்குக் குறையாத குண்டாகப் பார்த்துக்கொள்ளவும்.

மாலையில் ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளில் இணைத்துப் பார்த்தோம். நடுவிலுள்ள பிளவு, அதில் ஏறிவரும் நாகர்கள், வலப்பக்க யானைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாக வந்தன. கைப்பேசியின் பனோரமா முறையிலும் ஒன்று எடுத்தோம். அது நேரான பாறையை வாழைப்பழம் போல வளைத்துவிடுகிறது, உருவங்களின் கால்களில் சில காணாமல் போகின்றன. ஆவணத்துக்கு உதவாது.

மூன்றாம் நாள், காஞ்சிபுரம்

கைலாசநாதர் கோயிலுக்கு எட்டு மணிக்கே வந்தாயிற்று. நடுப்பகலில் நடை சாத்துவார்கள், எனவே காலை நான்கு மணி நேரத்தையும் கணக்காகச் செலவிட வேண்டும்.

இது மாமல்லபுரம் போல முழுக்கக் கருங்கல் அல்ல. அடியில் கருங்கல், அதன் மேல் மணற்கல். மணற்கல் உதிர்ந்த இடங்களில் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். எது பல்லவச் சிற்பியின் உளி, எது பின்னால் வந்த பூச்சு என்று படத்தில் பிரித்துக் காட்டுவதே இங்கே படம் எடுப்பவரின் முதல் கடமை என்று நினைக்கிறோம். நேர் வெயிலில் இரண்டும் ஒரே வெள்ளை. நிழலில் எடுத்தால் மணற்கல் மஞ்சளும் செம்மையும் கலந்து காட்டும், சுதை சாம்பல் வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். எனவே சிங்கத் தூண்கள் நிழலில் இருக்கும்போதே ஒரு படம், உரசும் ஒளி வந்தபின் அதே இடத்திலிருந்து இன்னொரு படம். முதலாவது பொருளைச் சொல்லும், இரண்டாவது வடிவத்தை.

வெளிர் நிறக் கல்லாதலால் கேமராவின் தானியங்கி அளவை நம்பக் கூடாது. நிழல் அதிகமுள்ள காட்சியில் அது ஒளியைக் கூட்டிவிடும், வெயில் பட்ட சுதை வெளுத்து விவரமே இல்லாமல் போகும். போன விவரம் எந்த மென்பொருளிலும் திரும்பாது. ஒளியளவை மூன்றில் இரண்டு நிறுத்தம் (ஸ்டாப்) குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதிந்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்து, நிழலைப் பின்னர் தூக்கிக்கொள்வது பாதுகாப்பு. கைப்பேசியிலும் ரா உண்டென்றால் அதில் எடுக்கவும். வெவ்வேறு ஒளியளவுப் படங்களைத் தானாக ஒன்றாக்கும் எச்டிஆரை அணைத்துவிட வேண்டும். விமானத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் வருவது அதனால்தான்.

பிராகாரச் சுவரின் உட்புறம் சுற்றிலும் 58 சிற்றாலயங்கள். இவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. வடக்கு வரிசை தெற்கு பார்த்தது, பத்தரைக்கு மேல் அதில் நல்ல உரசல். மேற்கு வரிசை கிழக்கு பார்த்தது, ஆனால் நடுவே விமானம் நிற்பதால் அதன் நிழல் மேலே விழும், நிழல் நகர நகர ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கிழக்கு வரிசைக்கு மாலை. தெற்கு வரிசை வடக்கு பார்த்தது, இந்தப் பருவத்தில் நேர் வெயில் எப்போதுமே இல்லை. குறையாகத் தோன்றும் இதுதான் வரம். சில சிற்றாலயங்களுக்குள் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்கள் உண்டு. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் மெல்லிய ஒளிதான் அந்த மங்கிய செம்மண் கோடுகளுக்கு ஏற்றது. ஃப்ளாஷ் கூடாது. டார்ச்சையும் ஓவியத்தின் மேல் அடிக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 400, எஃப்/8, அரை நொடி, மூட்டையின் மேல் கேமரா. பெரிய துளை லென்ஸ் இருக்கிறதே என்று எஃப்/1.8-இல் கையில் பிடித்து எடுத்தால் படத்தின் நடு தெளியும், ஓரம் கலங்கும். தரை அசையாது, ஓவியமும் அசையாது, நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சிற்றாலயங்களின் அடிப்பகுதியில் இராசசிம்மனின் பட்டப்பெயர்கள், 200-க்கும் மேல், சில இடங்களில் நான்கு அடுக்காக வெவ்வேறு எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தின் ஆழம் சில மிமீ மட்டுமே. கல்வெட்டுப் படத்துக்கு ஒரு டார்ச் போதும், 200 ரூபாய் டார்ச்சே போதும். அதைச் சுவருக்கு மிக நெருக்கமாக, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில், எழுத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டப் பிடித்தால் பக்கத்து எழுத்து வெளுக்கும், தூரத்து எழுத்து இருளும். கட்டாயம் இரண்டு படம்: ஒன்று இடமிருந்து, ஒன்று மேலிருந்து. இடமிருந்து வரும் ஒளி நெட்டுக் கோடுகளைக் காட்டி, கிடைக் கோடுகளை விழுங்கிவிடும். ஒரே படத்தை வைத்துப் படித்தால் எழுத்தே மாறிப் போகலாம். பக்கத்தில் 15 செமீ பள்ளிக்கூட அளவுகோலை வைத்து எடுத்தால் எழுத்தின் உயரம் பின்னால் தெரியும்.

எழுத்து தெளிவாக வர எண்ணெய் தடவுவது, சுண்ணாம்பு பூசுவது, சாக்பீஸால் கோடு நிரப்புவது எல்லாம் கல்லுக்குச் செய்யும் கேடு. மணற்கல் எண்ணெயை உறிஞ்சும், பிறகு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாக்பீஸ் நிரப்பியவர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறுதான் அடுத்து வருபவரின் படத்திலும் பதியும்.

மண்டபத்துத் தூண் ஒன்றில் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்றவன் இந்தக் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல். கோயில் ஊழியரிடம் கேட்டு, அனுமதியோடு, டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து நான்கு படம். வெற்றியின் சாட்சியைத் தோற்ற பல்லவ மரபின் தூணிலேயே பார்க்க முடிகிற இடம் இது. அந்தச் சில வரிகளுக்காக மட்டுமே ஒருவர் காஞ்சிக்கு வரலாம்.

நான்காம் நாள், கங்கைகொண்ட சோழபுரம்

காலை முழுக்கப் பேருந்து. ஜெயங்கொண்டம் வழியாக வந்து சேர மதியம் தாண்டிவிட்டது.

முதலாம் இராசேந்திரனின் இந்தக் கோயிலில் எல்லோரும் தேடிப் போகும் சிற்பம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் தன் கையால் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிற காட்சி. அது வடக்குப் படிக்கட்டருகே வடபுறச் சுவரில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் மிகக் கடினமான படம் அதுவே, ஏன் என்று விளக்கியாக வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் உச்சிப்பொழுதில் இந்த ஊருக்கு வடக்கே நிற்பது ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை. மற்ற எட்டு மாதமும் உச்சிச் சூரியன் தெற்கே. ஆகவே தமிழகக் கோயில்களின் தெற்குச் சுவர்களுக்குப் படம் எக்கச்சக்கம், வடக்குச் சுவர்களுக்கு நல்ல படம் அரிது. விடுமுறைக்கும் குளிர்காலத்துக்கும் ஊர் சுற்றுகிறவர்கள் வடசுவரை எப்போதும் நிழலிலேயே பார்க்கிறார்கள். ஜூன் மாத நண்பகலில் போனாலும் பலனில்லை. அப்போது வெயில் சுவரோடு 12 பாகைதான் விலகியிருக்கும், மேலே துருத்தும் கபோதத்தின் (வளைந்த கூரை விளிம்பு) நிழல், சிற்பம் இருக்கும் கோட்டம் (சுவர் மாடம்) முழுவதையும் மூடிவிடும். மே, ஜூன் மாதங்களில் காலை ஏழிலிருந்து எட்டரை வரை, சூரியன் வடகிழக்கில் தாழ இருக்கும்போது வருவதே சரி.

பிப்ரவரியில் வந்தவர்களுக்கு உள்ள வழி, நிழலை ஏற்றுக்கொண்டு அதைத் திருத்துவது. இங்கே இன்னொரு சிக்கல், கோயிலைச் சுற்றிப் புல்வெளி. வெயில் புல்லில் பட்டுத் திரும்பி வந்து நிழற்சுவரின் கீழ்ப்பாதியைப் பச்சையாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பார்வதியின் முழங்காலுக்குக் கீழே பாசி பிடித்தாற்போல வரும். மென்பொருளில் பச்சையைக் குறைத்தால் மேல்பாதி ஊதாவாகிறது. அதனால் நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்றை, ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, சிற்பத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி வெயில் விழும் தரையில் விரித்தோம். பச்சை அடங்கியது, கீழிருந்து வெளிச்சமும் கூடியது. ஆனால் கீழிருந்து வரும் ஒளி முகத்தைப் பேய்க்கோலமாக்கும். வேட்டியை இருவர் பிடித்து, இடுப்பளவு உயர்த்தி, இடப்பக்கமாகச் சாய்த்தபோதுதான் சிவனின் விரல்களுக்கும் மாலைக்கும் இடையே நிழல் கிடைத்தது. நீலம் போட்டு வெளுத்த வேட்டி படத்தை நீலமாக்கும். புது வேட்டியை இரண்டு தடவை வெறும் நீரில் அலசி எடுத்து வருவது நல்லது.

50 மிமீ, எஃப்/8, 1/15, கயிறு. கிட்டத்தட்ட நாற்பது படம் எடுத்து ஏழு தேறின.

ஐந்து மணிக்குத் தென்மேற்கு மூலைக்கு வந்தால் விமானம் பழுப்புப் பொன்னாக நிற்கிறது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். அந்த வளைவு மூலையிலிருந்து பார்த்தால்தான் தெரியும், சுவருக்கு நேரே நின்றால் தெரியாது.

ஐந்தாம் நாள், தாராசுரம்

கும்பகோணத்திலிருந்து சில கிலோமீட்டர். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். இங்கே பெரியவற்றை விட்டுவிட்டுச் சிறியவற்றைப் பார்க்க வேண்டும். விமானத்தின் அதிட்டானத்தில் (அடித்தளப் பகுதி) ஒரு சாண் அளவே உள்ள புடைப்புச் சிற்பங்களில் நாயன்மார் வரலாறுகள் ஓடுகின்றன.

சிறு சிற்பத்துக்குத் தனி மேக்ரோ லென்ஸ் வாங்கத் தேவையில்லை. 18-55 லென்ஸ் 25 செமீ வரை நெருங்கும், 50 மிமீ லென்ஸோ 35 செமீ-க்கு மேல் நெருங்காது. பெரிய துளை லென்ஸ் இங்கே தோற்கிறது. 55 மிமீ-இல் வைத்து, தரையில் உட்கார்ந்து, சிற்பத்தின் மட்டத்துக்கே கேமராவைக் கொண்டுவர வேண்டும். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்த நாயன்மார்தான் கிடைப்பார்.

கேமரா சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கச் சிறு முகக்கண்ணாடி ஒன்று போதும். சிற்பத்தைத் தொடாமல், பக்கத்திலுள்ள வெறும் சட்டக்கல்லின் மேல் கண்ணாடியை அட்டைபோல ஒட்டிப் பிடித்து, கேமராவுக்குள் பார்க்க வேண்டும். கண்ணாடியின் நடுவில் நம் லென்ஸே தெரிந்தால் செங்குத்து. லென்ஸ் ஓரம் போனால் அந்த அளவுக்குச் சாய்வு. ஒரு சிற்பத்துக்கு இப்படிச் சரிசெய்தபின், பக்கவாட்டில் நகர்ந்து அடுத்தடுத்ததை எடுத்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கோட்டத்தைக் கடக்கும்போதும் உள்ளங்கையில் எண் எழுதி அதை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் எந்த அடியார் எந்தச் சுவர் என்று யாராலும் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

தேர்ச்சக்கர மண்டபம் தென்புறம். காலை ஒன்பதுக்கு ஒளி வலப்பக்கமிருந்து உரசுகிறது, ஆரக்கால்களும் பாயும் குதிரையின் பிடரியும் எழும்புகின்றன. சக்கரத்தின் அச்சு உயரத்தில் கேமரா, 45 மிமீ. சற்றே சாய்ந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகும்.

மழைக்குப் பின் இந்தப் பிராகாரத்தில் நீர் தேங்குவதுண்டு. அப்போது வருகிறவர்களுக்கு விமானத்தின் பிம்பம் கிடைக்கும், அதிட்டானத்துச் சிற்பங்களை நெருங்க முடியாது.

ஆறாம் நாள், தஞ்சாவூர்

கல்தரை பதினொரு மணிக்கே கால் பொசுக்கும். தேங்காய் நார் விரிப்பு போட்ட பாதையில் மட்டும் நின்றால் வேண்டிய கோணம் கிடைக்காது. தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வரவும்.

பெரிய கோயில் விமானம் சாயாமல், பின்னோக்கி விழுவதுபோல் தோன்றாமல் படத்தில் நிற்க வேண்டும் என்றால் கேமரா மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தில் சிறியது ஒன்றைக் கேமராவின் ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் போதும். இந்தக் கேமராவில் 18 மிமீ-இல் நெட்டாகப் பிடித்து, மட்டமாக வைத்து எடுத்தால், கட்டடத்தின் உயரத்தைப் போல 1.6 மடங்கு தள்ளி நின்றால்தான் கலசம் படத்துக்குள் வரும். கைப்பேசியின் சாதாரண லென்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள், அதாவது 66 மீட்டர். நமக்கு நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். விமானம் மேற்குப் பாதியின் நடுவில் நிற்பதால் தென்மேற்கு மூலைக்குப் போனாலும் 85 மீட்டருக்கு மேல் தள்ளிப்போக இடமில்லை. கிழக்கே இடம் உண்டு, ஆனால் நந்தி மண்டபம் மறைக்கும்.

ஆகவே மூலையில் நின்று, கொஞ்சமே மேல்நோக்கிச் சாய்த்து எடுத்துவிட்டு, ரா தெரப்பி அல்லது கிம்ப் மென்பொருளில் நேராக்கினோம். நேராக்கும்போது படத்தின் அடிப்பகுதி குறுகும், எனவே இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டு எடுக்க வேண்டும். கோடுகளை முழுக்க இணையாக்கினால் விமானம் மேலே அகன்று தலைகனத்ததுபோல் தெரியும். பத்தில் எட்டுப் பங்கு திருத்தி நிறுத்தினால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்கிறார்கள். விழுகிறது. நான்கரை மணிக்குக் கிழக்கே தரையில் நீளமாகக் கிடப்பதைப் படம் எடுத்தோம். அந்தக் கதை இல்லாமலே போதுமான வியப்பு இங்கே இருக்கிறது.

நான்கிலிருந்து ஐந்தேகால் வரை மூலைக்கு வர வேண்டிய நேரம். மேற்கு முகம் நேர் ஒளியில் செம்பொன்னாகவும், தெற்கு முகம் உரசும் ஒளியில் தட்டுத்தட்டாகவும், இரண்டும் ஒரே படத்தில் வருகின்றன. நீல வானத்தைக் கறுக்க போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டிக் கண்ணாடி) மாட்டினால் 18 மிமீ அகலத்தில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம் என்று பிரியும். இங்கே அதைக் கழற்றிவிட வேண்டும். அதிட்டானத்துக் கல்வெட்டுகளை நெருங்கி எடுக்கும்போது, பலர் கைபட்டு மெருகேறிய இடங்களில் பளபளப்பை அடக்க மாட்டிக்கொள்ளலாம்.

ஐந்தரைக்குத் தெற்குச் சுவரின் கல்வெட்டுகள். இராசராசன் கொடுத்ததும், அவன் அக்கன் கொடுத்ததும், பெண்டுகள் கொடுத்ததும், கொடுப்பார் கொடுத்ததும் எல்லாம் வெட்டச் சொன்ன மன்னனின் எழுத்து. சாயும் வெயிலே டார்ச். 50 மிமீ, எஃப்/8, 1/60. ஒரு படத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளம், மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி, இடமிருந்து வலம். வெயில் போவதற்குள் பதினெட்டு மீட்டர் முடிந்தது.

இரவில் 32 ஜிபி அட்டையிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, கோப்புகளுக்கு ஊர், சுவர்த் திசை, மணி என்ற வரிசையில் பெயர் வைத்தாயிற்று: தஞ்சை, தெற்கு, 1740. திசையும் மணியும் பெயரிலேயே இருந்தால், அடுத்த முறை எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று கோப்புப் பட்டியலே சொல்லும். அந்தப் பட்டியலில் இப்போது காலியாக இருப்பவை: கங்கைகொண்ட சோழபுரம் வடக்கு, தஞ்சை வடக்கு, கடற்கரைக் கோயில் வடக்கு. மூன்றுக்கும் நேரே குறித்தது, மே இரண்டாம் வாரம், காலை ஏழு.